உள்ளங்கால் பார்த்த பிறகே ஊசி

இப்போது முடக்குவாதத்துக்கான அந்த மருந்து பேனா வடிவில் வந்துவிட்டது. நோயாளி வீட்டிலேயே உட்கார்ந்து, வயிற்றுத் தோலில் வைத்து அழுத்திக்கொள்கிறார். ஒரு சின்னச் சத்தம், வேலை முடிந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் அதே மருந்து சலைன் பையில் கலந்து சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் ஏறும். பக்கத்தில் நான் இருப்பேன்.

நான் ஓய்வு பெற்ற மாதத்தில், எனக்குப் பின் அந்த வார்டின் பொறுப்பை ஏற்ற கௌசல்யா கேட்டாள்:

"அக்கா, தப்பா நெனைக்காதீக. சொட்டு அதுபாட்டுக்கு எறங்குது. அம்புட்டு நேரம் பக்கத்துலயே நின்னு என்னத்தத்தான் பாத்தீக?"

"காலைப் பாத்தேன்" என்றேன்.

சிரித்துவிட்டாள். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்திருப்பாள். விளையாட்டு இல்லை என்று அன்று அவளுக்குச் சொன்னதை நிதானமாக எழுதத்தான் இந்தக் கட்டுரை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் தெரியும். எந்த வருஷம் எந்த மாதம் மழை பெய்தது, ஆஸ்பத்திரியில் பழைய கட்டடத்தை எப்போது இடித்தார்கள் என்பதற்கெல்லாம் என்னிடம்தான் ஆள் வரும். நான் பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம். அப்பா மழை பெய்த நாளைக் கதவுக்குப் பின்னால் கரிக்கட்டியால் எழுதிவைப்பார். அதிகம் எழுத வேண்டியிருக்காது. அந்தப் பழக்கம் எனக்கு நாட்குறிப்பாக வந்து சேர்ந்தது. ஆனால் நோயாளிகள் யாரும் தேதி சொல்வதில்லை. "மாரியாத்தா கோயில் பூக்குழி முடிஞ்ச மறுவாரம் வீங்குச்சு" என்பார்கள். எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் என்றால் "மாதா சப்பரத்துக்கு முந்தி" என்பார்கள். காலண்டரைப் புரட்டி அதைத் தேதியாக்குவது என் வேலை. இந்தக் கட்டுரையில் மட்டும் அவர்கள் கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

மதுரையில் செவிலியர் படிப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றேன். கை நடுங்காமல் நரம்பு பிடிக்கக் கற்றேன். நடுங்கினாலும் முகத்தில் காட்டாமலிருக்கக் கற்றேன். பிறகு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை. பிரசவ வார்டு, அறுவைச் சிகிச்சை வார்டு என்று சுற்றிவிட்டுக் கடைசியாக மூட்டுவாதப் பிரிவுக்கு வந்தேன். வேறு யாரும் கேட்காத பிரிவு அது. அங்கே யாரும் குணமாகி வீட்டுக்குப் போவதில்லை, திரும்பத் திரும்ப வருவார்கள் என்பதால் இளம் பெண்கள் தயங்கினார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. திரும்பி வருகிறவர்களைத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பிரிவின் தலைவர் டாக்டர் கஸ்தூரி. குள்ளமான உருவம், பருத்திப் புடவை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருக்காது. "மூட்டு பேசாது அமலா, அதைக் கேக்குறதுக்கு எதுக்குக் குழாய்?" என்பார். நோயாளியிடம் வலி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. "இன்னைக்கு எந்த வேலை செய்ய முடியலை?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருவர் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்பார், இன்னொருவர் பல் விளக்க முடியவில்லை என்பார். அந்த வேலையின் பெயரைக் கேஸ் ஷீட்டின் தலையில் எழுதுவார். அடுத்த முறை அந்த வேலையைப் பற்றித்தான் கேட்பார். ஆய்வக முடிவுகள் அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமை மதியங்களில் எங்களுக்குப் பாடம் எடுப்பார். முடக்குவாதம் என்று நாம் சொல்லும் நோய், உடம்பைக் காக்க வேண்டிய செல்கள் உடம்பையே தாக்குவதால் வருகிறது என்று எல்லாச் செவிலியரும் படித்திருப்பார்கள். ஏன் தாக்குகின்றன என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். நோய் எதிர்ப்புச் செல்கள் சிறு புரதங்களை ரத்தத்தில் விட்டு ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தி வந்து ஒட்டுவதற்கு மற்ற செல்லின்மேல் ஓர் இடம் வேண்டும். அதற்கு ஏற்பி என்று பெயர். செய்தி எவ்வளவு ஓடினாலும், ஏற்பி வாங்கினால்தான் செல் எதையும் செய்யும். முடக்குவாதக்காரர்களிடம் பகையே இல்லாதபோதும் 'அடி, அடி' என்ற செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வார்டில் ஏற்றிய மருந்து, இன்டர்லூக்கின்-ஆறு என்ற செய்திக்கான ஏற்பியை அடைப்பது. அந்த ஏற்பி செல்லின் மேலும் இருக்கிறது, ரத்தத்தில் மிதந்தும் திரிகிறது. மருந்து இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.

இதைப் படிக்காத ஒருவருக்குச் சொல்ல டாக்டர் வைத்திருந்த வழியை நான் கடைசிவரை மாற்றவில்லை.

"திண்டுக்கல்காரங்ககிட்ட ஏற்பின்னா பூட்டு, மருந்துன்னா சாவின்னு சொல்லிட்டுப் போயிரலாம்" என்பார். "ஆனா பூட்டியாச்சுன்னா பத்திரம்னு தூங்கிருவாங்க. அதனால நான் காதுன்னுதான் சொல்றது."

சேவுகம்பட்டியிலிருந்து செல்லத்தாய் முதல் முறை வந்தபோது இந்தக் காதுக் கதையை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். செல்லத்தாய் இடியாப்பம் விற்பவர். விடிந்தால் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கூடை போக வேண்டும். வந்த அன்று இரண்டு கைகளும் கோழிக்கால் போலச் சுருண்டிருந்தன. "எந்த வேலை முடியலை?" என்ற கேள்விக்கு, "அச்சு திருக முடியல டாக்டரம்மா" என்றார். கேஸ் ஷீட்டின் தலையில் 'இடியாப்ப அச்சு' என்று ஏறியது. கூட வந்த கணவர் பாண்டி, "இப்ப நான்தான் திருகுறேன். இவ பிழியுற இடியாப்பம் நூலு மாதிரி இருக்கும். நான் பிழிஞ்சா கயிறு. பஸ் ஸ்டாண்டுல, என்ன பாண்டி, இதுல மாட்டக் கட்டலாமாங்குறானுக" என்றார். செல்லத்தாய், "வாய மூடுங்க, ஆஸ்பத்திரி" என்று முழங்கையால் இடித்தார். விரலால் இடிக்க முடியாது.

டாக்டர் சொன்னார்: "ஒங்க ஒடம்புல ஒரு காவக்காரன் இருக்கான். எவனோ ஒருத்தன் 'திருடன், திருடன்'னு பொய்யாக் கத்திக்கிட்டே இருக்கான். காவக்காரன் கம்பை எடுத்து வீட்டு ஆளுகளையே அடிக்கிறான். அந்த அடிதான் இந்த வீக்கம். நாங்க போடுற மருந்து காவக்காரன் காதுல பஞ்சை வைக்குது."

பாண்டி யோசித்தார். "அப்ப நெசமாவே திருடன் வந்தா?"

டாக்டர் கஸ்தூரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் கையைக் காட்டி, "அந்தக் கேள்விக்குத்தான் அமலா சிஸ்டருக்குச் சம்பளம்" என்றார்.

அது வெறும் பேச்சு இல்லை. உடம்புக்குள் கிருமி புகுந்தால் காய்ச்சல் வருகிறது, கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கிறது. அதை ரத்தத்தில் அளந்து, 'உள்ளே ஏதோ நடக்கிறது' என்று நாம் தெரிந்துகொள்கிறோம். ஆனால் கல்லீரலுக்கு அந்தச் சேதியைக் கொண்டுபோவதே இன்டர்லூக்கின்-ஆறுதான். காய்ச்சலைக் கிளப்புவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஏற்பியை அடைத்த பிறகு கல்லீரலுக்கும் காதில் பஞ்சு. உள்ளே சீழ் பிடித்தாலும் வெப்பமானி பேசாமலிருக்கலாம். ரத்தப் பரிசோதனை 'எல்லாம் நலம்' என்று எழுதி அனுப்பலாம். கையை விரித்துக் கொடுக்கும் அதே மருந்துதான் ஆபத்தையும் மறைக்கிறது. "வெப்பமானியைப் பாக்காதேன்னு சொல்லலை. நம்பாதேன்னு சொல்றேன்" என்பார் டாக்டர்.

அதனால் எங்கள் வார்டில் ஒரு முறை உருவானது. மருந்தைத் தொடுவதற்கு முன் ஆளைப் பார்க்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லிப் பல், ஈறு, அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கில் வேர்வை தங்கும் இடங்கள், கடைசியாகக் கால் விரல் இடுக்கும் உள்ளங்காலும். திரையை இழுத்துவிட்டு நான் பார்ப்பேன். ஆண்களுக்கு ஆண் செவிலியர். ஒட்டன்சத்திரத்துப் பெரியவர் ஒருவர், "ஏனுங்க சிஸ்டர், மாட்டுச் சந்தைத் தரகன்கூடப் பல்லோட நிறுத்திக்குவானுங்க. நீங்க குளம்பு வரைக்கும் போறீங்களே" என்றார். வார்டே சிரித்தது. அடுத்த முறை அவரே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கட்டிலில் ஏறினார்.

ஆளைப் பார்த்து முடித்த பிறகே குப்பி குளிர்பெட்டியிலிருந்து வெளியே வரும். அது தானாக அறை வெப்பத்துக்கு வர வேண்டும். உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடேற்றக் கூடாது. உடல் எடைக்குத் தக்க மருந்து எவ்வளவோ அவ்வளவு சலைனை முதலில் பையிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பிறகு மருந்தை மெல்ல உள்ளே இறக்க வேண்டும். குலுக்கினால் நுரைக்கும். பையைத் தூக்கம் கலையாத பிள்ளையைப் புரட்டுவது போல ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படிப் புரட்ட வேண்டும். நான் சற்று வேகமாகப் புரட்டினால் பின்னாலிருந்து குரல் வரும்: "என்ன அமலா, மோர் கடையுறியா?"

செல்லத்தாய்க்கு மருந்து நன்றாகப் பிடித்தது. சில மாதங்களில் விரல்கள் விரிந்தன. ஒரு நாள் தூக்குச்சட்டியில் இடியாப்பம் கொண்டுவந்து டாக்டரின் மேசைமேல் வைத்தார். டாக்டர் ஒரு இழையை மட்டும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நூலு" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மருந்துக்குச் சொன்னாரா, செல்லத்தாய்க்கா, எனக்கா என்று நான் கேட்கவில்லை. என் பங்கை எடுத்துக்கொண்டேன்.

இனி அந்தத் தை மாதத்துக்கு வருகிறேன்.

தைப்பூசம் முடிந்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை செல்லத்தாய்க்கு மருந்து ஏற்றும் முறை. வந்தவர் பஞ்சாமிர்த டப்பாவை என் கையில் வைத்தார். கழுத்தில் மாலை கழற்றிய தடம். சேவுகம்பட்டியிலிருந்து செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி வரை வெறுங்காலோடு நடந்திருக்கிறார். கை சரியானால் நடந்து வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாராம். எங்களிடம் சொல்லவில்லை.

"சொன்னா விடுவீகளா?" என்றார். "முட்டி தேயும், அது தேயும் இது தேயும்பீக."

வெப்பமானி வைத்தேன், காய்ச்சல் இல்லை. சி.ஆர்.பி. இயல்பு. வெள்ளையணுக்களும் ஏறவில்லை. பல், ஈறு, அக்குள் எல்லாம் சுத்தம். "காலைக் காட்டுங்க" என்றதும் புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார்.

"காலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. செத்த நேரத்துல ஊசியப் போட்டு விடுங்க சிஸ்டர், நாலரை பஸ்ஸுக்குப் போகணும்."

"பாத்துட்டுத்தான் போடுவேன்."

"சாமிக்கு நடந்த காலு. அதப் போயி நோய்க்காலு மாதிரிப் பாக்குறீகளே!"

பாண்டி வராந்தாவில் இருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன். "ஒட்டன்சத்திரத்துப் பக்கம் நொண்டுனா. கேட்டதுக்குக் கல்லு குத்திருச்சுன்னா. வழியில பந்தல் போட்டு, 'ஏனுங்கம்மா, காலை நீட்டுங்க'ன்னு வெந்நி ஊத்திவிட்டாக. எல்லாரும் நீட்டுனாக, இவ நீட்டல."

செல்லத்தாய் அவரைப் பார்த்த பார்வையில் பாண்டி திரும்ப வராந்தாவுக்கே போய்விட்டார்.

எனக்குப் புரிந்தது. அங்கே காலைக் காட்டினால் உட்கார வைத்துவிடுவார்கள், நடை பாதியில் நின்றுவிடும். இங்கே காட்டினால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், கை சுருண்டுவிடும். அதட்டினால் காரியம் நடக்காது.

நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பெரிய வியாழன் அன்று பூசையில் சாமியார் பன்னிரண்டு பேர் பாதங்களைக் கழுவித் துடைப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள். பழனிக்கு நடப்பவர்களின் காலைக் கழுவுவது புண்ணியம் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருமே நினைப்பார்கள் என்பதும் தெரியும். சமையலறையிலிருந்து பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைத்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"பந்தல்ல நீட்டாத காலை எனக்கு நீட்டுங்க. புண்ணியத்துல எனக்கும் கொஞ்சம் வரட்டும்" என்றேன்.

இதற்கு எந்தப் பாதயாத்திரைக்காரரும் மறுப்புச் சொல்ல முடியாது. "கெட்டிக்காரி நீங்க" என்று சொல்லிவிட்டுச் செல்லத்தாய் காலை நீட்டினார்.

இடது பாதம் முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற மஞ்சள் கரைந்தது. சிவப்பு இல்லை, சீழ் இல்லை. குதிகாலுக்கு முன்னால் வளைவில் மட்டும் ஒரு கரும்புள்ளி. வலது பாதத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். இடது பாதத்தின் வளைவு தட்டையாக, உள்ளிருந்து எதுவோ நிரப்பியது போல இருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "கூசுது" என்றார்.

"வேலிக்கருவை முள்ளா?"

"செம்பட்டி தாண்டி" என்றார், மெல்ல. "புடுங்கிட்டேன். முனை உள்ள நின்னுருச்சு போல."

டாக்டர் கஸ்தூரி வந்து குனிந்து பார்த்தார். ஸ்கேன் அறைக்கு அவரே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். எக்ஸ்ரேயில் முள் தெரியாது. ஒலி அலை ஸ்கேனில் தெரியும். தெரிந்தது. முள்முனை ஒரு சின்ன வெள்ளைக் கோடு. அதைச் சுற்றிக் கறுப்பாகச் சீழ், தசைநாரை ஒட்டி விரல்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அறுவைச் சிகிச்சை மருத்துவர் ரத்த முடிவைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லை, சி.ஆர்.பி. இல்லை. நாளைக்குப் பார்க்கலாமா மேடம்?" என்றார். நியாயமான கேள்விதான்.

"காது அடைச்சிருக்கோம் சார்" என்றார் டாக்டர். "வீடு பத்தி எரிஞ்சாலும் சத்தம் வராது. படத்தைப் பாருங்க."

அவர் படத்தைப் பார்த்தார். உடனே தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

தியேட்டருக்குப் போகும் வழியில் செல்லத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தார் என்பதை அழுத்திச் சொல்கிறேன்; வந்த புதிதில் அவரால் எதையும் பிடிக்க முடியாது. "சிஸ்டர், ஊசியப் போட்டுட்டு அப்பறம் வெட்டச் சொல்லுங்க. கை போயிருச்சுன்னா எனக்குப் பொழப்பே இல்ல. காலு போனாக்கூட ஒக்காந்து அச்சுத் திருகிருவேன்."

"காலும் போகாது, கையும் போகாது" என்று என்னால் சொல்ல முடியவில்லை. தெரியாததைச் சொல்லக் கூடாது என்பது டாக்டரின் சட்டம். "காலுல இருக்குறது ரத்தத்துல ஏறுனா ஆளே போயிருவீக. ஆளு இருந்தாத்தான் கை. நான் கூடவே இருக்கேன்" என்றேன்.

சீழை எடுத்தார்கள். முள்முனையைச் சின்னக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்கள். அரிசி நீளம்கூட இல்லை. இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் பாதத்தையே இழந்திருக்கலாம், அன்று மருந்து ஏற்றியிருந்தால் அதற்கு மேலும் போயிருக்கலாம் என்று அறுவை மருத்துவரே வார்டுக்கு வந்து சொன்னார்.

அடுத்த வாரங்கள்தான் கடினம். புண் ஆறி, கிருமி மருந்து முடியும்வரை எங்கள் மருந்து கிடையாது. காவல்காரன் காதிலிருந்து பஞ்சு மெல்ல நீங்கியது. பழைய கூச்சல் திரும்பக் கேட்டது. கால் ஆற ஆறக் கை வீங்கியது. கட்டு மாற்ற வரும்போதெல்லாம் செல்லத்தாய் காலை என் பக்கம் நீட்டிவிட்டு, கையை மடியில் மறைத்துவைத்துக்கொள்வார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவதை நான் பார்க்கக் கூடாதாம். பாண்டி மறுபடி அச்சுத் திருகினார். வத்தலக்குண்டில் மறுபடி கயிறு விற்றது.

டாக்டர் அவசரப்படவில்லை. புண் மூடிய பிறகும் இன்னொரு ஸ்கேன் எடுத்து, உள்ளே சுத்தம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான், "அமலா, குப்பியை வெளியே எடு" என்றார். பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம் அது. பையை நான் அவ்வளவு மெதுவாகப் புரட்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மோர் கடைகிறாயா என்று யாரும் கேட்கவில்லை.

விரல்கள் விரிய ஆடி வரை ஆனது. ஆனால் விரிந்தன.

டாக்டர் கஸ்தூரி எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். போகும் முன், புதிதாகச் சேரும் செவிலியருக்கான விதிகளில் 'நோயாளி பாதயாத்திரை, பூக்குழி, வெறுங்காலோடு தேர் என்று எதற்காவது போயிருந்தால் கால் கழுவிப் பார்க்கவும்' என்று ஒரு வரியைச் சேர்த்தார். கழுவிப் பார்க்கவும் என்ற அந்த இரண்டு சொற்கள் என்னுடையவை. இத்தனை வருட வேலையில் நான் எதைப் பற்றிப் பெருமைப்படுகிறேன் என்று யாராவது கேட்டால், தயங்காமல் அதைத்தான் சொல்வேன். எங்கள் பிரிவில் அந்த மருந்து போட்டுக்கொண்ட யாருக்கும் நான் இருந்தவரை கால் போனதில்லை.

அன்று கௌசல்யாவுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, அவள் சிரிப்பு நின்றிருந்தது. "இனிமே எல்லாரும் வீட்டுலயே பேனாவுல போட்டுக்குவாகளாமே அக்கா, யாரு காலைப் பாப்பா?" என்றாள். அதே கவலைதான் எனக்கும் இருந்தது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் இருந்தது.

போன மாதம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கௌசல்யா ஓடிவந்து வார்டு போனை என் கையில் கொடுத்தாள். "திறந்து பாருங்கக்கா" என்றாள். படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். எல்லாம் உள்ளங்கால்கள். வெடிப்பு விழுந்தவை, மருதாணி வைத்தவை, சேறு போகக் கழுவிய ஈரம் காயாதவை; இடதும் வலதுமாகச் சேர்த்துவைத்து எடுத்தவை. ஊசி போட்டுக்கொள்ளும் நாளில் படம் அனுப்பி, இவள் சரி என்று சொன்ன பிறகுதான் போட்டுக்கொள்ள வேண்டுமாம். சந்தேகம் வந்தால் நேரில் வரச் சொல்கிறாளாம்.

"யாரு ஆரம்பிச்சது?" என்றேன்.

கௌசல்யா முதல் படத்துக்குத் தள்ளிக் காட்டினாள். இடது பாதம், வளைவில் ஒரு வெள்ளைத் தழும்பு. அதன் கீழே குரல் பதிவு. அழுத்தினேன். பின்னணியில் அடுப்புச் சத்தம், பாண்டி எதற்கோ சிரிப்பது, அதற்கு மேலே செல்லத்தாயின் குரல்:

"தங்கச்சி, நான் சேவுகம்பட்டி செல்லத்தாய். ஊசி கையில வச்சுருக்கேன். மொதல்ல காலப் பாத்துச் சொல்லுங்க. நீங்க பாக்காம நான் போட மாட்டேன், அமலா சிஸ்டர் வைவாக."